டீசல் மச்சான், பெட்ரோல் மச்சான்

பழைய வண்டி விற்கிற தொழிலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால் போதும், வாங்க வருகிற குடும்பத்தைப் பற்றித்தான் நிறையத் தெரிந்திருக்க வேண்டும்.

ஈப்போவில், ஊரை விட்டு வெளியே போகிற ரோட்டோரம், தகரக் கூரை போட்ட ஒரு கடையில் நான் ரொம்ப வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். முதலாளி ஒரு சீனர். தவுக்கே என்று கூப்பிடுவோம். அவருக்குக் காண்டனீஸ் தெரியும், மலாய் தெரியும், திட்டுவதற்குப் போதுமான தமிழும் தெரியும். சிரிக்க மட்டும் தெரியாது. கடையில் நின்று நின்று கால் வீங்கி, "சும்மா பார்க்கத்தான் வந்தேன்" என்ற வார்த்தையைக் கேட்டே தலை நரைத்துப்போன சகோதர சகோதரிகளே, நீங்கள் துணிக்கடையோ நகைக்கடையோ, நம் பாடு ஒரே பாடுதான். எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு தலைவலி உண்டு. வருகிறவர்கள் எல்லாரும் வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே கேட்கிற கேள்வி: "அக்கா, டீசல் ஜிமாட்டா, பெட்ரோல் ஜிமாட்டா?" ஜிமாட் என்றால் சிக்கனம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அம்மா அப்பாவுக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொள்கிற வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

இதற்கு நேர்மையான பதில் ஒன்று இருக்கிறது. ஒரு லிட்டருக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்தால் பெரும்பாலும் டீசல்தான் கூட ஓடும். ஆனால் நீங்கள் எவ்வளவு தூரம் போகிறீர்கள், என்ன சுமை ஏற்றுகிறீர்கள், மலையா சமதரையா, வழியில் எத்தனை இடத்தில் நிறுத்துகிறீர்கள், அதையெல்லாம் பார்க்க வேண்டும். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் பாதிப்பேர் கொட்டாவி விடுவார்கள். மீதிப்பேர், "அதெல்லாம் வேணாங்க்கா, ஏதாச்சும் ஒண்ணு சொல்லு" என்பார்கள்.

பாரிட் புந்தார் அக்கா

பாரிட் புந்தாரிலிருந்து ஒரு அக்கா வந்தார். வயல்காட்டுக் குடும்பம். கழுத்து நிறைய நகை, கையில் ஒரு பெரிய குடை. டீசல் காடி, அதாவது டீசல் கார், தவிர வேறு எதையும் காட்டாதே என்று வரும்போதே கட்டளை. ஏன் என்று கேட்டேன். வீட்டில் டிராக்டர் டீசல், நெல் அறுக்கிற மெஷின் டீசல், தண்ணீர் இறைக்கிற பம்பும் டீசல். காடி மட்டும் பெட்ரோலாக இருந்தால் அது வீட்டில் ஒட்டாமல் தனியாக நிற்குமாம். மருமகள் எடுப்பதைப் போல் பேசினார்.

சரி, காடியை எங்கே ஓட்டுவீர்கள் என்று கேட்டேன். கோயிலுக்கு, பசாருக்கு, அவ்வளவுதான் என்றார். கோயில் எங்கே? அடுத்த தெருவில். பசார்? கோயிலுக்குப் பின்னால். எனக்கு மனசு கேட்கவில்லை. "அக்கா, டீசல் எஞ்சின் நல்லா சூடேறி ஓடணும். நீங்க சொல்ற தூரத்துக்கு அது சூடேறுறதுக்குள்ள கோயில் வந்துடும். அப்படியே நின்னு நின்னு ஓடினா டீசல் எண்ணெயும் கூடக் குடிக்கும், புகைக் குழாயும் அடைச்சுக்கும். உங்களுக்குச் சின்ன பெட்ரோல் காடிதான் சரி" என்றேன். உள்ளே தவுக்கே தலையில் கையை வைத்துக்கொண்டது தெரிந்தது, ஏனென்றால் விற்காமல் கிடந்தது டீசல் காடிதான். அக்கா குடையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ரொம்பப் பொறுப்பாகக் கேட்டார்:

"அப்ப கோயிலைக் கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொல்லிப் பார்க்கவா?"

ஒன்று வாங்க வந்தவர்கள்

பெருமாளும் குணாவும் மச்சான்கள். பெருமாளின் தங்கச்சி செல்வியைத்தான் குணா கட்டியிருக்கிறான். தாப்பா பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டம். இப்போது அங்கே ரப்பர் இல்லை, எண்ணெய் எடுக்கிற செம்பனை. வீடுகளில் மட்டும் நம் ஆட்கள் மிச்சம் இருக்கிறார்கள். இவர்கள் இரண்டு பேரும் விடியற்காலையில் கேமரன் மலைக்கு ஏறி, கோபிஸ் என்கிற முட்டைக்கோஸ், தக்காளி, பீன்ஸ் என்று ஏற்றிக்கொண்டு வந்து, அந்தத் தோட்டங்களில் வீடு வீடாக நிறுத்தி விற்பார்கள். ஒரே லோரி. ஒருவன் ஓட்டினால் மற்றவன் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டே வருவான். பெருமாளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, மூன்று வேளைச் சாப்பாடும் தங்கச்சி வீட்டில்தான்.

லோரி ஒருநாள் மலைப்பாதையில் படுத்துவிட்டது. வேறு வண்டி பார்க்க இரண்டு பேரும் ஒன்றாகத்தான் என் கடைக்கு வந்தார்கள். ஒரே பொட்டலம் கச்சான் கடலையைப் பங்குபோட்டுத் தின்றுகொண்டு வந்தார்கள். பெருமாள் ஒரு டீசல் பிக்-அப்பின் பக்கத்தில் போய் நின்றான். "மச்சான், மலை ஏறணும், சுமை இருக்கு. டீசல்தான் இழுக்கும், எண்ணெயும் மிச்சம்." குணா ஒரு பெட்ரோல் வேனின் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். "மலை ஏறுறது காலையில ஒரு வாட்டி. அதுக்கப்புறம் நாள் பூரா வீட்டுக்கு வீடு நிறுத்தி நிறுத்திப் போறோம். மழை பேஞ்சா சாமான் நனையக் கூடாது. பெட்ரோல் வேன்தான் நமக்கு."

இரண்டு பேர் சொன்னதும் சரி. வினையே அதுதான். ஒருவன் தப்பாகப் பேசியிருந்தால் நான் சிரித்துப் பேசி வழிக்குக் கொண்டுவந்திருப்பேன். பேச்சு எண்ணெயில் தொடங்கி, போன வருஷம் யார் தராசை மழையில் விட்டது என்பதற்குப் போய், கடைசியில், "உன் டீசலைக் கட்டிக்கிட்டு நீயே அழு" என்றான் குணா. "இனிமே உன் வீட்டு வாசலை மிதிச்சா என்னன்னு கேளு" என்றான் பெருமாள். ஆளுக்கு ஒரு வண்டி எடுத்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் போனார்கள். கச்சான் பொட்டலம் என் மேசை மேலேயே கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். தவுக்கே வெளியே வந்து காலியான இரண்டு இடத்தையும் பார்த்தார், என் மூஞ்சியையும் பார்த்தார்:

"ஒண்ணு வாங்க வந்தான், ரெண்டு வாங்கிட்டுப் போனான். நீ ஏன் சாவு வீட்டு மூஞ்சி?"

ஒரே இரவில் முட்டாள்

சித்தியவானில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு பாய், மீன் வாங்கத் துறைமுகத்துக்கும் கடைக்குமாக ஓட ஒரு டீசல் பிக்-அப் வாங்கிப் போயிருந்தார். வாங்கிய புதிதில் எனக்குப் பிரியாணி கொடுத்தனுப்பினார். அவ்வளவு சந்தோஷம். பெட்ரோல் காடி வைத்திருந்த தன் அண்ணனை, "எண்ணெய்க்குப் பொறந்தவனே" என்று கிண்டல் பண்ணுவாராம்.

பிறகு நம் பக்கம் டீசலுக்கு இருந்த மானியத்தை எடுத்தார்கள். விலை ஒரே இரவில் ஏறியது. மறுநாள் பாய் என் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுத்து, "பாய், லிட்டருக்கு எவ்வளவு தூரம் ஓடுங்கிறது வேற, நம்ம கை காசுக்கு எவ்வளவு தூரம் ஓடுங்கிறது வேற. முதல் கணக்கு எஞ்சின் கையில, ரெண்டாவது கணக்கு அரசாங்கத்து கையில" என்று ஆறுதல் சொன்னேன். இது ஆறுதலா என்று கேட்காதீர்கள், அன்றைக்கு என்னிடம் அதுதான் இருந்தது. அவர் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"காடி மாறல, ரோடு மாறல, மீனும் மாறல. படுக்கும்போது கெட்டிக்காரனா இருந்தவன் எந்திரிக்கும்போது முட்டாளாயிட்டேன்."

மாமன் மடி

ஒரு மத்தியானம் செல்வி பஸ் ஏறி வந்துவிட்டாள். தாப்பாவிலிருந்து ஈப்போ வரைக்கும், இடுப்பில் பாப்பாவோடு. பாப்பாவுக்கு இன்னும் ஒரு வயசு ஆகவில்லை. கொழுகொழுவென்று கோபிஸ் மாதிரி இருந்தாள். நான் தூக்கிய உடனே என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கினாள்.

"அக்கா, வர்ற மாசம் பாப்பாவுக்குக் காது குத்தணும். கோயில்ல சொல்லியாச்சு. மாமன் மடியில உட்கார வச்சுத்தானே குத்தணும்? அண்ணன் வரமாட்டேங்குது. இவரு கூப்பிட மாட்டேங்குறாரு. அது கடையில மீ கோரெங் வாங்கித் தின்னுட்டுப் படுக்குது. இவரு சாப்பிட உட்கார்ந்தா பக்கத்துல அண்ணன் தட்டைப் பார்த்துட்டு எந்திரிச்சுப் போயிடுறாரு." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். ஒரே மலைக்கு, ஒரே தோட்டத்து கோபிஸ் வாங்க, தினமும் இரண்டு வண்டி பாதிச் சுமையோடு ஏறி இறங்குகிறதாம். ஒருவன் ஹாரன் அடித்தால் மற்றவன் ரேடியோவைச் சத்தமாக வைப்பானாம். அட கூறு கெட்டவன்களா, இதில் எங்கேடா ஜிமாட்?

செல்வியே ஒரு வழியும் கொண்டுவந்திருந்தாள். இரண்டு வண்டியும் ஒரே நாளில், ஒரே மலைக்கு, ஒரே சுமையோடு போய் வரட்டும். எது கூட எண்ணெய் குடிக்கிறதோ அந்த வண்டி திரும்ப என் கடைக்கு. தோற்றவன் வாயை மூடிக்கொண்டு ஜெயித்தவன் வண்டியில் ஏறிக்கொள்ள வேண்டும். இரண்டு பேரையும் தனித்தனியாகச் சம்மதிக்க வைத்திருந்தாள். பார்த்துத் தீர்ப்புச் சொல்ல நான் வேண்டுமாம். நான் கொஞ்சம் தயங்கினேன். ஊர்ச் சண்டையை விலைக்கு வாங்குவானேன்? அவள் பாப்பாவை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்:

"மத்ததெல்லாம் கடையில வாங்கிடலாங்க்கா. மாமன் மடியை எங்க போய் வாங்குறது?"

தாப்பாவிலிருந்து மலைக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை, தாப்பாவில் எண்ணெய் ஸ்டேஷன். இரண்டு வண்டிக்கும் டாங்கி நிறைய ஊற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும், திரும்பி வந்து அதே இடத்தில் மறுபடி நிறைய ஊற்ற வேண்டும். இரண்டாவது முறை எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு குடித்திருக்கிறது. இதுதான் கணக்கு. பின்னால் நீளமாக வரிசை. மலைக்குப் போகிற குடும்பங்கள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. குழாய் 'டக்' என்று நின்றதும் இரண்டு பேரும் எடுத்து மாட்டிவிட்டு அவசரமாகக் கிளம்பினார்கள்.

ஏறும்போது குணாவின் வேனில் உட்கார்ந்தேன். வளைவுக்கு வளைவு கியர் மாற்றி, எஞ்சின் ஓவென்று கத்தி, நான் சாமி பெயர் எல்லாம் சொல்லி முடித்துவிட்டேன். முன்னால் பெருமாளின் பிக்-அப் முனகிக்கொண்டு அலட்டாமல் ஏறிக்கொண்டிருந்தது. குணா அதைப் பார்க்காத மாதிரி பார்த்தான். "நல்லாத்தான் இழுக்குது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, உடனே, "புகையைப் பாருங்க்கா" என்றான். மேலே இரண்டு வண்டியிலும் ஒரே அளவு கூடைகளை நானே நின்று எண்ணி ஏற்ற வைத்தேன். இறங்கும்போது பெருமாளோடு வந்தேன். பாதி வழியில் அவன் கேட்டது ஒரே கேள்வி: "பாப்பா என்னமோ நிக்கக் கத்துக்கிச்சாமே, நிசமா?" நிசம் என்றேன். அவன் கண்ணாடியில் தொங்கிய மாலையை ஒருமுறை நேராக்கினான்.

திரும்பி வந்தபோது ஸ்டேஷன் காலியாகக் கிடந்தது. குணா முதலில் ஊற்றினான். ஓட்டி ஓட்டி அவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, 'டக்' என்றதும் எடுத்துவிட்டான். அடுத்து பெருமாள். 'டக்' என்றதும் அவன் வண்டியின் பக்கவாட்டில் கையை வைத்து நாலு ஆட்டு ஆட்டினான். டீசல் நுரை தட்டும், நுரை அடங்கினால் இன்னும் கொஞ்சம் இறங்கும். ஊற்றினான். மறுபடி ஆட்டினான், மறுபடி ஊற்றினான், வாய்வரைக்கும் எண்ணெய் தெரிந்த பிறகு மூடினான். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எங்கள் ஊரில் டாங்கி நிறைய ஊற்றும்போது வண்டியை ஆட்டாதவன் யார்? கல்யாணத்துக்குப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போகும்போதுகூட நான் இறங்கி ஆட்டியிருக்கிறேன். அது மூச்சு விடுவதைப் போல, யார் கவனிப்பார்கள்?

மீட்டரைப் பார்த்தேன். பிக்-அப் கொஞ்சம் கூடப் பிடித்திருந்தது. ரொம்ப இல்லை, ஆனாலும் கூடத்தான். டீசல்தான் ஜெயிக்கும் என்று நான் உள்ளுக்குள் நினைத்திருந்தேன், அதனால் இரண்டு முறை பார்த்தேன். குணா துள்ளிக் குதிப்பான் என்று பார்த்தால், வேனுக்குப் பின்னால் போய் ஏற்கெனவே கட்டியிருந்த கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். பெருமாள் மீட்டரைப் பார்த்தான், டாங்கி மூடியைப் பார்த்தான், கையைத் துடைத்துக்கொண்டான். மச்சானோடு வேனில் ஏறுவதுதானே பேச்சு என்று நான் நினைவுபடுத்தினேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்:

"வண்டியைத் திருப்பித் தாரேங்க்கா, பேச்சு மாறமாட்டேன். ஆனா தோத்துட்டுப் போய் அவன் பக்கத்துல உட்கார மனசு வரல. லூமுட் பக்கம் லோரி ஓட்டப் போறேன்."

சாவி

சொன்னபடி பிக்-அப்பைக் கொண்டுவந்தான். கழுவித் துடைத்து, கண்ணாடியில் மாட்டியிருந்த மாலையை மட்டும் எடுத்துப் பைக்குள் வைத்திருந்தான். காதுகுத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. தவுக்கே வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து டயரை உதைத்துக்கொண்டிருந்தார். நான் சாவியை வாங்கக் கை நீட்டவே இல்லை. அவன் மேசைமேல் வைத்தான்.

அப்போதுதான் குணாவின் வேன் உள்ளே வந்து நின்றது. செல்வி பாப்பாவோடு இறங்கினாள். குணா இறங்கி, பெருமாளைப் பார்க்காமல், பிக்-அப்பின் டாங்கி மூடியைப் பார்த்துப் பேசினான். "மச்சான், அன்னைக்கு நீ வண்டியை ஆட்டினே. காலையில கூட்டம், யாரும் ஆட்டல, டக்குன்னதும் எடுத்துட்டோம். திரும்பி வந்து நீ ஆட்டி ஆட்டி வாய்வரைக்கும் ஊத்தினே. கூடப் போனது மலை குடிச்ச எண்ணெய் இல்ல, நீ ஆட்டினதுல இறங்கின எண்ணெய். உன் வண்டிதான் ஜெயிச்சுது. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். ஜெயிக்கணுங்கிற வெறியில சொல்லல. அன்னையிலேருந்து சோறு இறங்கல மச்சான்."

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். நான்தான் தீர்ப்புச் சொன்ன நாட்டாமை! செல்வி புருஷனைப் பார்த்த பார்வையில் நானே ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். தவுக்கே மட்டும் ஒன்றும் புரியாமல், "வண்டி விக்கிறியா இல்லியா?" என்று மலாயில் கேட்டுக்கொண்டிருந்தார். பெருமாள் தங்கச்சி கையிலிருந்து பாப்பாவை வாங்கினான். அடுக்கி வைத்த பழைய டயர் மேல் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டான். பாப்பா நேராக அவன் காதைப் பிடித்து இழுத்தாள்.

"தெரியும் மச்சான். டாங்கியை மூடும்போதே எனக்கு உறைச்சிடுச்சு" என்றான். குணா திகைத்துப் போனான். தெரிந்துமா வாயைத் திறக்காமல் வண்டியைக் கொண்டுவந்தாய், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டான். பெருமாள் பாப்பாவின் கையைக் காதிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டு, முதல் தடவையாக மச்சான் முகத்தைப் பார்த்தான்:

"நான் சொல்லி என்ன ஆவப்போவுது? நீ பார்த்தேன்னும் எனக்குத் தெரியும். வந்து சொல்லுவியான்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன்."

இப்போது பிக்-அப் இரண்டு மச்சான்களையும் ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறது, வேன் வீட்டுக்கு வீடு நின்று கோபிஸ் விற்கிறது, பாப்பா காதில் தோடு போட்டுக்கொண்டு திரிகிறாள், டீசல் ஜிமாட்டா பெட்ரோல் ஜிமாட்டா என்று கேட்டு வருகிறவர்களிடம் மட்டும் நான் முதலில், "உங்களுக்கு மச்சான் இருக்காரா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுகிறேன்.